நாலு சுற்று

ஜூன் 9

அக்கா,

மாமா ஒரு கொலைகாரர். இன்னும் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான்.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வீக்கம் குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கையில் தோல் உரிகிறது. அது பெயிண்ட் கரைக்கிற தின்னர் செய்யும் வேலை, ஆறிவிடும்.

மாமாவின் மெக்கானிக் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். அவருடைய கார் என்னைவிடப் பத்து வயது மூத்தது. அழகான வண்டி, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சின்னது. உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். அதன் சக்கரங்கள் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும், அகலம் மூன்றரை அங்குலம். டாக்டருக்கு அது போதவில்லை. ஆறு அங்குல அகலத்தில் பளபளவென்று நாலு அலாய் வீல் வாங்கி வந்து இறக்கிவிட்டார். இருபதாம் தேதி பழைய கார்களின் ஊர்வலமாம், அதற்குள் மாட்டித் தர வேண்டுமாம்.

அந்தச் சக்கரம் அந்த வண்டிக்கானது அல்ல. மாட்டினால் உள்பக்கம் போய் உரசுகிறது. உரசாமல் இருக்க அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு வட்டத் தகடு வைத்து வெளியே தள்ள வேண்டும். தள்ளியாயிற்று. வெளிப்பக்கம் மட்கார்டில் இடித்தது. அதன் விளிம்பை வெட்டி மடக்கினேன், அதுவும் ஆயிற்று. ஆனால் தகடு எவ்வளவு தடிமனோ, சக்கரத்தைப் பிடிக்கிற போல்ட் அவ்வளவு குட்டையாகிவிடுகிறது. நட்டை விரலால் ஏற்றும்போது எண்ணுவது என் பழக்கம். ஏழு சுற்றாவது ஏற வேண்டும். இதில் நாலுதான் ஏறுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, நின்றுவிட்டது. நீள போல்ட் வாங்கிப் போட்டால் தீர்ந்தது. வருவதற்கு மூன்று வாரம் ஆகும்.

மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, நாலு சுத்துதான் ஏறுது.”

“நாலு போதும்டா. அவரு என்ன ரேஸா ஓட்டப் போறாரு? ஊர்வலம் போறாரு.”

“ஊர்வலம்னாலும் சக்கரம் சுத்தத்தானே செய்யும்?”

“வாய், வாய்! உங்க அக்கா வாய் அப்படியே வந்திருக்கு உனக்கு.”

பெயிண்டர் அண்ணன் சிரித்தார். கடையே சிரித்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நட்டை இறுக்கம் அளக்கிற ஸ்பானரால் கடைசியாக முறுக்கியவன், நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் விஷயம் அது மட்டுமில்லை. மஞ்சள் போட்டால் ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று அர்த்தம். முறுக்கியவனைத் தவிர வேறு யாரும் அந்த பெயிண்ட் டின்னைத் தொடுவதில்லை, மாமா உட்பட. இந்த வண்டிக்கு மஞ்சள் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமா அதற்கும் சிரித்தார்.

போனில் சொல்லியிருப்பேன். போன் மாமாவின் மேஜைமேல் இருக்கிறது.

நான் என்ன செய்யட்டும், சொல். உன் பதில் வரும்வரை டின்னைத் தொட மாட்டேன்.

அம்மாவைப் படியேற விடாதே.

உன் தம்பி


ஜூன் 15

என் அருமைத் தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். வீக்கம் குறைந்திருக்கிறது, புலம்பல் குறையவில்லை. உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. தடவ மாட்டாய், தெரியும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை பயம் வந்தது, சக்கரத்தை நினைத்து இல்லை, உன்னை நினைத்து.

என் கதை உனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பெட்ஷீட்டை நீவுகிற ரோலருக்குத் தடுப்பு இல்லை, கை போய்விடும் என்று எழுதிக் கொடுத்தவள் நான் ஒருத்தி. என்ன ஆயிற்று? தடுப்பு வரவில்லை. என்னைத் தூக்கித் தொற்று வார்டுத் துணிப் பிரிவில் போட்டார்கள். இரண்டு வருடமாக ரத்தமும் சீழும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். உடன் வேலை பார்க்கிறவர்களே “உனக்கு வேணும்டி, நாக்கை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா?” என்கிறார்கள்.

நீ பார்த்தாய், சொன்னாய். அதோடு உன் வேலை முடிந்தது. கேட்பதும் கேட்காததும் கடைக்காரர் பாடு. யாரோ ஒரு டாக்டரின் ஆசைக்கு நீ எதற்கு மாமாவோடு முறைத்துக்கொள்கிறாய்? அந்த வேலை போனால் உனக்கு அடுத்த வேலை எங்கே இருக்கிறது? மஞ்சளோ பச்சையோ, போடச் சொன்னால் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு.

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மாமாகிட்ட பணிஞ்சு போகச் சொல்லுடி” என்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். வாழ்க்கையில் ஒரு தடவை நானும் அம்மாவும் ஒரே பக்கம், பார்த்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இருபதாம் தேதி ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு அந்த வண்டியின் முன் இடது சக்கரம் கழன்றுவிட்டது. பாலம் இறங்குகிற இடம். கார் கொஞ்ச தூரம் தரையில் தேய்ந்துகொண்டு போய் நின்றுவிட்டது. டாக்டருக்கு நெற்றியில் இரண்டு தையல். சக்கரம் நிற்கவில்லை. தனியாக உருண்டு, நடைபாதை ஏறி, பஸ் ஸ்டாப்புக்குள் போயிருக்கிறது.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தார். தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை எதற்கு பஸ் ஸ்டாப்பில் நின்றார் என்றால், ஓவர்டைமுக்கு வராதவர்களுக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

பேப்பரில் வந்திருக்கிறது. ‘மெக்கானிக்கின் அலட்சியம்’ என்று போட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் ‘ஒரு பிரமுகர்.’ கடை ‘ஒரு தனியார் பட்டறை.’ எனக்கு மட்டும் வயதோடு சேர்த்து எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. மாமா வந்து ஜாமீனில் எடுத்தார். வழியில் நிறுத்திச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். பசித்தது, அக்கா. மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

தம்பி


ஜூலை 4

தம்பி,

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது “என் தம்பிக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று. உன்னைத்தான் தடுமாறித் தம்பி என்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை, அவள் தம்பியைத்தான்.

நான் சொல்வதை நிதானமாகக் கேள். உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நாலு சுற்றுதான் ஏறுகிறது என்று மாமாவிடம் சொன்னது, அவர் போதும் என்றது, நீள போல்ட்டுக்கு மூன்று வாரம் ஆகும் என்றது, எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது. உறையில் தபால் முத்திரை இருக்கிறது, விபத்துக்குப் பதினோரு நாள் முந்திய தேதி. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நீ மஞ்சள் போடவில்லை, அதுவும் சாட்சிதான். மஞ்சள் இல்லாத வண்டி உன் கையில் முடியாத வண்டி. அதை வெளியே அனுப்பியது யார் என்று கேட்டால் போதும்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே வந்து விசாரிக்கிற இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. மாமா வாங்கிக் கொடுப்பதைச் சாப்பிடு, பரவாயில்லை. அவர் நீட்டுகிற காகிதத்தை மட்டும் தொடாதே.

தூங்கு. தூக்கம் வராவிட்டாலும் படுத்திரு.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே மழை. கடை நடக்கிறது.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ‘முன் இடது சக்கரத்தின் நட்டுகளை முழுமையாக முறுக்க மறந்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறது. மாமாவின் வக்கீல் எழுதியது. தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது.

மாமா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார்.

“இங்க பாருடா. நீ பண்ணினா அது மறதி. நான் பண்ணினா அது கொலை. மறதிக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, போயிட்டு வந்துடலாம். கடையை இழுத்து மூடினா பதினோரு குடும்பம் தெருவுக்கு வரும். பெயிண்டருக்கு மூணு பொண்ணு, தெரியுமில்ல?”

பெயிண்டர் அண்ணன் அங்கேதான் ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தேய்த்து முடித்த கதவு.

பிறகு நீ மஞ்சளைப் பற்றி எழுதியிருந்தாய். வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள், பார்த்தேன். மீதி மூன்று சக்கரங்களிலும் மஞ்சள் கோடு இருக்கிறது. யார் போட்டது என்று கேட்காதே.

அந்தக் கடிதத்தை எரித்துவிடு. லீவு போட்டு வராதே.

அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடு.

தம்பி


ஜூலை 21

கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ நல்லா இருக்கணும். எனக்கு என்ன, இருக்கேன்.

பென்சில்ல எழுதறேன், அழுத்தி எழுதக் கை வரல. உன் அக்கா வேலைக்குப் போயிருக்கா. அவளுக்குத் தெரியாம எழுதறேன்.

எங்க அம்மா போனப்போ உன் மாமனுக்கு எட்டு மாசம். எனக்குப் பத்து வயசு. அன்னைக்கு என் இடுப்புல ஏறினவன், அஞ்சு வயசு வரைக்கும் இறங்கல. நான் பள்ளிக்கூடம் போகாம நின்னது அவனுக்காக. உனக்கு அக்கா எப்படியோ, அவனுக்கு நான் அப்படி. இதை நீ புரிஞ்சுக்குவே.

நீ செஞ்சது பெரிய காரியம். நீ சின்ன வயசு, போயிட்டு வந்து மறுபடி எழுந்து நிப்பே. அவன் விழுந்தா எந்திரிக்க மாட்டான். அவனுக்குச் சர்க்கரை இருக்கு.

உன் அக்கா உன் கடுதாசியை வெச்சுக்கிட்டுப் போலீசுக்குப் போறேன்னு நின்னா. பெட்டியில சேலைக்கு அடியில வெச்சிருந்தா. அதை எடுத்து மாமனுக்கே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேன். கிடைச்சிருக்கும். ரெண்டு பேருமே என் ரத்தம். ஒரு கையை வெட்டணும்னா நான் எதை நீட்டுவேன்?

குளிர்ல படுக்காதே. போர்வை கொண்டு போக விடுவாங்களான்னு மாமனைக் கேக்கச் சொல்லு.

அம்மா


ஜூலை 28

தம்பி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

கடிதம் போய்விட்டது. நேற்று லீவு கிடைத்தது, பெட்டியைத் திறந்தேன், இல்லை.

“எங்கம்மா அந்தக் கடுதாசி?”

“எது?”

“சேலைக்கு அடியில இருந்தது.”

“போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு.”

“அவன் உன் புள்ளைம்மா!”

“இவன் என் தம்பிடி. தம்பின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?”

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டேன். இப்போது ஒரே அறையில் இரண்டு அடுப்பு. அவள் சமைப்பதை அவள் சாப்பிடுகிறாள், நான் சமைப்பதை நான்.

கடிதம் இல்லாமலே உங்கள் இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தேன். “பேப்பர் இருந்தா கொண்டாம்மா, பாசத்தை எல்லாம் கோர்ட் எடுத்துக்காது” என்றார். தப்பாகப் பேசவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே பேசினார்.

இனி உன் வாய் ஒன்றுதான் இருக்கிறது. கோர்ட்டில் ஏறி, எழுதிக் கொடுத்தது பொய் என்று சொல். நாலு சுற்று என்று சொல். அந்தப் போல்ட் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது, எண்ணிப் பார்க்கச் சொல். பதினோரு குடும்பமாம்! பதினோரு குடும்பத்தின் மேல் அக்கறை இருந்தவர் மூன்று வாரம் காத்திருந்திருக்கலாமே. அந்தத் தையல்காரர் குடும்பம் எந்தக் கணக்கில் வருகிறது?

மஞ்சளை யார் போட்டது? மாமாதானே? கேட்காதே என்றால் கேட்காமல் விடுகிறவளா நான்?

உடனே பதில் எழுது.

அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இரண்டரை மாதம் ஆகிவிட்டது. நலம். நீ அனுப்பிய மூன்று கார்டுகளும் கிடைத்தன.

கேஸ் முடிந்துவிட்டது. இரண்டு வருடம். இங்கிருந்து எழுதும் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள், அதனால் உனக்கு முன்னால் இன்னொருவர் இதைப் படித்திருப்பார்.

நீ சொன்ன மாதிரி பேசத்தான் போனேன். நம்பு. காலையில் பல் தேய்க்கும்போதே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தகடு, போல்ட், நாலு சுற்று. கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இறந்துபோனவரின் கணவர். எனக்குத் தெரியாது, அவரே சொன்னார். மினி லாரி ஓட்டுகிறவராம். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று பார்த்தேன். நேரம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“தம்பி, அதைக் கடைசியா முறுக்குனது யாரு?”

“நான்தாங்க.”

“மார்க் போடுவீங்கள்ல? நாங்களும் அதைப் பாத்துத்தான் வண்டி எடுப்போம். போட்டிருந்துச்சா?”

“போட்டிருந்துச்சுங்க.”

“யாரு போட்டது?”

“நான்தாங்க.”

“சரி” என்றார். எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போனதும் ஜட்ஜ், “நீங்க எழுதிக் குடுத்தது உண்மையா?” என்றார். “உண்மை” என்றேன். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மஞ்சள் நான் போட்டதுதான், அக்கா. சனிக்கிழமை மதியம் டாக்டர் வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். மாமா டின்னைத் தொடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, “போடுடா” என்றார். போய் எடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு நட்டு, பதினாறு கோடு. எல்லாம் நேராக விழுந்தன.

ஏன் போட்டாய் என்பாய். தெரியவில்லை என்று வைத்துக்கொள்.

அம்மாவோடு பேசு.

தம்பி


நவம்பர் 20

என் தம்பிக்கு,

அங்கே குளிருமாமே. போர்வை கிடைத்ததா? இருமல் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டு.

மாமா உன் பெட்டியை லாரி சர்வீஸில் அனுப்பிவிட்டார். அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டானாம். உன் இரண்டு பேன்ட், ரேடியோ, ஷேவிங் செட், ஒரு பழைய பூட்டு. அடியில் ரப்பர் பேண்டு போட்டு என் கடிதங்கள். எல்லாவற்றையும் உறையோடு வைத்திருக்கிறாய். இந்த ஒழுங்கு உனக்கு எப்போது வந்தது?

ஜூன் பதினைந்தாம் தேதிக் கடிதத்தின் உறையை எடுத்தேன். பின்பக்கம் உங்கள் தபால் நிலைய முத்திரை. ஜூன் பதினெட்டு, வெள்ளிக்கிழமை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து “என்னடி?” என்றாள். நாலு மாதத்தில் எங்களுக்குள் விழுந்த முதல் வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை என் கடிதம் வந்திருக்கிறது. சனிக்கிழமை நீ டின்னை எடுத்திருக்கிறாய். அந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ எனக்கு மூன்று கடிதம் எழுதினாய். மூன்றிலும் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கிடைத்தது என்றுகூட இல்லை. நான் மாமாவைத் திட்டினேன், அம்மாவைத் திட்டினேன், உனக்குத் தைரியம் இல்லை என்று மனதுக்குள் உன்னையும் திட்டினேன். நீ எல்லாவற்றையும் படித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய்.

வாயை மூடிக்கொண்டு இரு என்று எழுதியது நான். போடச் சொன்னால் போட்டுவிடு என்று எழுதியது நான். ஒரு ரோலருக்குத் தடுப்புக் கேட்டதற்கு என்னை மிதித்தார்கள். மிதிபட்ட இடத்திலிருந்துகொண்டு உனக்குப் புத்தி சொன்னேன். நம்மை மாதிரி ஆட்களுக்கு வாயை மூடச் சொல்லித்தர முதலாளியே வேண்டியதில்லை, வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

இதை மாமாவுக்கும் எழுதினேன். பதில் இல்லை. கடைக்குப் புதுப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறாராம், பெரியதாம். பெயிண்டர் எழுதியதாம். அம்மா பெருமையாகச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

என்னைத் திட்டி எழுது. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது. படிக்கிறவர் படித்துவிட்டுப் போகட்டும்.

உன் அக்கா


டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வை கிடைத்தது. இருமல் இல்லை.

இங்கே இரும்புக் கட்டில் செய்கிற பட்டறை இருக்கிறது. கை பழக்கமுள்ளவன் என்று என்னைப் போல்ட் முறுக்கப் போட்டார்கள். இரண்டு நாள் செய்தேன். ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தேன் என்று பக்கத்தில் படுப்பவன் சொன்னான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது கூட்டிப் பெருக்குகிறேன். நல்ல வேலை.

தபால் முத்திரையெல்லாம் தப்பாகவும் விழும் அக்கா. அந்தத் தேதிக் கட்டையை மாற்ற மறந்துவிடுவார்கள். அதை வைத்து நீ ஒன்றும் நினைக்காதே.

நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


பிப்ரவரி 7

தம்பி,

நீ வேண்டாம் என்றாய். நான் வந்தேன். பஸ்ஸில் பதினான்கு மணி நேரம், இரண்டு இடத்தில் மாறினேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் நாற்பது பெண்கள். எல்லோர் கையிலும் பை, எல்லோர் முகமும் ஒரே மாதிரி. எங்கள் சலவைக்கூடத்து ஷிப்ட் வரிசையில் நிற்கிற மாதிரியே இருந்தது.

ஜன்னலில் இருந்தவர் பெரிய நோட்டைப் புரட்டினார்.

“லிஸ்ட்ல இல்லம்மா.”

“நான் அவன் அக்கா.”

“இருக்கலாம். கைதி எழுதிக் குடுத்தவங்களைத்தான் உள்ள விடுவோம். அக்கான்னு யாரையும் எழுதலையே.”

“வேற யாரை எழுதியிருக்கான்?”

சொல்லக் கூடாது போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தார். நோட்டைக் கொஞ்சம் திருப்பினார்.

“தாய்மாமன்னு ஒருத்தர். அவ்வளவுதான்.”

“அவர் வந்தாரா?”

விரலை வைத்து நாலு மாதத்தையும் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். “இதுவரைக்கும் இல்ல” என்றார். “அடுத்த ஆளை விடுங்கம்மா, தள்ளுங்க.”

அவரை எதற்கு எழுதினாய்? அவர் வந்து என்ன சொல்ல வேண்டும் உனக்கு? வரவே மாட்டார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, கடை இருக்கிறது, புதுப் பலகை இருக்கிறது. பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து வர நான்தான் இருக்கிறேன், முட்டாளே.

உனக்கு வாங்கிய ரொட்டியையும் பழத்தையும் வெளியே நின்ற ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அலுவலகத்தில் ஒரு படிவம் தருவார்களாம், விசாரித்துவிட்டேன். கேட்டு வாங்கு. உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அக்கா என்று எழுதிக் கொடு. வேறு எதுவும் எனக்கு எழுத வேண்டாம், நலம் என்றுகூட வேண்டாம். மார்ச் முதல் சனிக்கிழமை வருவேன்.

அக்கா


ஏப்ரல் 2

தம்பி,

மார்ச்சிலும் இல்லை என்றார்கள். நேற்றும் இல்லை என்றார்கள். ஜன்னல்காரர் நோட்டைத் திறக்காமலே தலையை ஆட்டினார். திறந்து பாருங்கள் என்று சத்தம் போட்டேன், திறந்து காட்டினார்.

அம்மாவுக்கு இப்போது இரண்டு முழங்காலிலும் வீக்கம். நான் சுகமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

மே ஆறாம் தேதி வருவேன். ஜூனிலும் வருவேன். அந்தக் கட்டத்தில் அக்கா என்று எழுது. மூன்று எழுத்துடா. எழுது.